முதல்ல அம்பதாயிரம் கட்டுங்க

அமெரிக்காவில் மின்னி பேர்ல் என்று ஒரு நகைச்சுவை நடிகை இருந்தார். அவர் அடையாளமே தலையில் இருக்கும் வைக்கோல் தொப்பிதான். அதில் 1.98 டாலர் என்று விலைச்சீட்டு கிழிக்காமல் அப்படியே தொங்கும். 1960களின் கடைசியில் ஜான் ஜே ஹூக்கர் என்ற நாஷ்வில் வக்கீல் இந்த அம்மா பெயரை வைத்து ஒரு சிக்கன் கடைச் சங்கிலி ஆரம்பித்தார். கென்டக்கி ஃப்ரைடு சிக்கன் சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்த நேரம். நாமும் போடலாமே என்று ஒரு ஆசை.

ஹூக்கர் கம்பெனி சிக்கன் விற்றதை விட, சிக்கன் விற்கும் உரிமத்தை அதிகம் விற்றது. ஆயிரத்துக்கும் மேல் உரிமங்கள் போயின. நிஜமாகவே திறந்த கடைகள் சில நூறுதான். உரிமம் வாங்கியவர்கள் கொஞ்சம் ரொக்கம் கட்டிவிட்டு மிச்சத்துக்குக் கடன் பத்திரம் எழுதிக்கொடுத்தார்கள். கம்பெனி என்ன செய்தது? கடை திறக்கும் முன்னாலேயே மொத்தத் தொகையையும் அந்த வருட வருமானம் என்று கணக்கில் எழுதிவிட்டது! லாபம் எகிறியது, ஷேர் விலையும் எகிறியது. அப்புறம் கணக்கைத் திருத்தி எழுதச் சொன்னபோது லாபம் நஷ்டமாக மாறியது. 1970களின் தொடக்கத்திலேயே கதை முடிந்தது. இந்த மாதிரி கூத்துகளுக்குப் பிறகு 1981ல் அமெரிக்கக் கணக்கியல் வாரியம் தனியாக ஒரு விதியே போட்டது: உரிமக் கட்டணம் வாங்கியவர், அதற்காகச் செய்ய வேண்டிய வேலையைப் பெருமளவு செய்து முடித்த பிறகுதான் அதை வருமானம் என்று எழுதலாம்.

இதையெல்லாம் நான் இப்போது தோண்டக் காரணம் உண்டு. கடைகளுக்கு பில் போடும் சாஃப்ட்வேர் எழுதி வைத்திருக்கும் என் நண்பன் ஒருத்தன், ஜில்லாவுக்கு ஒரு டீலர் போடப் போகிறான். டீலராக வருகிறவர் முதலில் அம்பதாயிரம் கட்டணும், திருப்பித் தர மாட்டோம். கைக்குக் காசும் வரும், சும்மா வேடிக்கை பார்க்க வருகிறவனும் கழன்றுகொள்வான். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்கிறான். எனக்கு மாங்காய் தெரியவில்லை, கல்தான் தெரிகிறது :-)

முன்பணம் என்றாலே ஏமாற்று வேலை என்றும் சொல்லிவிட முடியாது. 1851ல் ஐசக் சிங்கர் தையல் மெஷினுக்கு பேடண்ட் வாங்கியபோது மெஷின் இருந்தது, அதைச் செய்து குவிக்கப் பணம் இல்லை. ஒவ்வொரு பகுதியிலும் விற்கும் உரிமையை ஏஜெண்டுகளுக்கு முன்பணத்துக்கு விற்றார்கள். தொழில் நடந்ததே அந்தக் காசில்தான். ஆனால் தையல் மெஷினை ஓட்டிக் காட்டணும், ரிப்பேர் பண்ணணும், தவணைக்குக் கொடுத்து வசூலிக்கணும். உரிமையை விலைக்கு வாங்கியவர் இதையெல்லாம் செய்தே ஆகணும்னு கட்டாயம் இல்லையே, அவர் பேட்டைக்கு அவர்தான் ராஜா. சிங்கரின் கூட்டாளியான எட்வர்ட் கிளார்க் 1850களின் பின்பாதியில், விற்ற உரிமைகளைத் திரும்பக் காசு கொடுத்து வாங்கி, கம்பெனியின் சொந்தக் கிளைகளைத் திறந்தார். விற்றதையே திரும்ப வாங்குவது என்றால் எவ்வளவு வயிற்றெரிச்சலாக இருந்திருக்கும்!

இப்போது மெக்டொனால்ட்ஸ். ரே கிராக் 1954ல் மெக்டொனால்ட் சகோதரர்களிடம் போட்ட ஒப்பந்தத்தில், கடை நடத்த வருகிறவர் கட்ட வேண்டியது வெறும் 950 டாலர். அதற்குப் பிறகு விற்பனையில் 1.9 சதவீதம், அதிலும் 0.5 சதவீதம் சகோதரர்களுக்குப் போய்விடும். ஒரு பேச்சுக்கு, வருடம் 2 லட்சம் டாலருக்கு விற்கும் கடை என்று வையுங்கள். கிராக் கைக்கு நிற்பது 2,800 டாலர். கடை ஓடினால் வருடா வருடம் வரும். படுத்தால் அந்த 950தோடு சரி. அதனால் ஒவ்வொரு கடையும் ஓடியே தீரணும் என்று அலைய வேண்டிய நிலையில் மனுஷன் இருந்தார். டெய்ரி குயின் மாதிரி மற்றவர்கள் ஒரு ஏரியாவையே மொத்தமாக விற்றுக் காசு பார்த்த காலத்தில், இவர் கடை கடையாகத்தான் கொடுத்தார். மெக்டொனால்ட்ஸில் இருந்து சம்பளம்கூட எடுக்காமல், மில்க் ஷேக் மெஷின் விற்ற கம்பெனி வருமானத்தில் பல வருடம் குடும்பத்தை ஓட்டினார்.

முதலில் உரிமம் வாங்கியவர்களில் அவருடைய கால்ஃப் கிளப் நண்பர்கள் நிறைய. காசு இருந்தது, அடுப்படியில் நிற்க மனசில்லை. பேர் வாங்கிக் கொடுத்தது வேறு ஒரு ஜோடி. கிராக்கின் ஆபீசுக்கு பைபிள் விற்க வந்த பெட்டி ஏகேட் என்ற பெண்ணும் அவர் கணவர் சாண்டியும். இருந்த சேமிப்பையெல்லாம் போட்டு 1955ல் வாகீகன் என்ற ஊரில் கடை திறந்தார்கள். அங்கே கூடிய கூட்டத்தைப் பார்த்துத்தான் அடுத்தடுத்து ஆட்கள் வந்தார்கள். பெரிய தொகை கேட்டிருந்தால் கிளப் நண்பர்கள் கட்டியிருப்பார்கள். பைபிள் விற்றவர் படி ஏறியிருப்பாரா? காசு இருப்பவனையும் விற்கத் தெரிந்தவனையும் ஒரே சல்லடையில் சலிக்க முடியாது. நண்பன் சொல்லும் 'வடிகட்டல்' எனக்கு இடிப்பது இங்கேதான்.

இதன் அசிங்கமான கடைசி எல்லையும் அமெரிக்காவில் நடந்தது. க்ளென் டர்னர் 1967ல் ஆரம்பித்த காஸ்காட் என்ற அழகுசாதனக் கம்பெனியில் சூபர்வைசராகச் சேர 2,000 டாலர், டிஸ்ட்ரிபியூட்டராக 5,000. அடுத்த ஆளைச் சேர்த்துவிட்டால் அவன் கட்டும் பணத்தில் பங்கு. க்ரீம் யார் முகத்துக்காவது போனதா என்பது யாருக்கும் பெரிய கவலையில்லை. 1975ல் ஃபெடரல் டிரேட் கமிஷன் இதை பிரமிட் திட்டம் என்று தீர்ப்பெழுதியது. பொருள் விற்கும் உரிமைக்குப் பணம் கட்டணும், கடைசி வாடிக்கையாளருக்கு விற்பதோடு சம்பந்தமே இல்லாமல் ஆள் சேர்த்ததற்குப் பணம் கிடைக்கும் என்றால் அது பிரமிட். அங்கே இன்றும் இதை காஸ்காட் சோதனை என்றே சொல்கிறார்கள்.

நம்ம பக்கம் இதை நேர் தலைகீழாகச் செய்தவர்கள் நகரத்தார்கள். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் வட்டிக்கடை நடத்த ஏஜெண்டை அனுப்பும்போது முதலாளி அவரிடம் காசு கேட்கவில்லை. மூன்று வருடத் தவணைக்குச் சம்பளச் சீட்டு எழுதி, சம்பளத்தில் ஒரு பகுதியை முன்கூட்டியே கையில் கொடுத்து அனுப்பினார். ஊரில் குடும்பம் அதில் சாப்பிடும். அடுப்புக் கவலை இல்லாத ஏஜெண்ட் ரங்கூன் மொகல் தெருவில் உட்கார்ந்து கடன் கேட்டு வருகிறவனை நிதானமாக எடைபோடலாம். லாபம் வந்தால் அதிலும் அவருக்கு ஒரு பங்கு உண்டு.

நண்பனிடம் இதைச் சொன்னதும் டக்கென்று மடக்கினான். "டேய், செட்டியாருக்கு அந்தாளோட தாத்தா வரைக்கும் தெரியும். ஏமாத்தினா வீட்டுல பொண்ணு குடுக்க மாட்டாங்க, எடுக்க மாட்டாங்க. எனக்குத் திருநெல்வேலியில யாரைத் தெரியும்?" நியாயம்தான். பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, மேலே வந்த ஆள் மேல் முதலாளிக்கு இருக்கும் நம்பிக்கையை பயோடேட்டா பார்த்து வரவழைக்க முடியாது.

அதற்கு ஒரு நடுவழி மெக்டொனால்ட்ஸிலேயே உண்டு. 950 டாலரை வைத்துக்கொண்டு கம்பெனி எவ்வளவு நாள் ஓடும்? 1956ல் ஹாரி சோன்போர்ன் என்ற நிதி மூளை, கடை இருக்கும் இடத்தைக் கம்பெனியே பிடித்து, கடைக்காரருக்கு உள்வாடகைக்கு விடும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். அதற்கு அவரும் முன்பணம் கேட்டார், 7,500 டாலர். ஆனால் அது கட்டணம் இல்லை, காப்புத்தொகை. கடைக்காரர் கட்டிய காசு அவர் கடைக்கான இடம் பிடிக்கவே போனது. ஒப்பந்தத்தில் அதைத் திருப்பித் தருவதாகவும் எழுதிக்கொடுத்தார்கள். பாதி 15 வருடம் கழித்து, மீதி 20 வருடம் முடிந்ததும்.