கோரேசு முதல் கிடர்பூர் வரை: தீர்க்கதரிசனங்களில் பாரசீகர்

கல்கத்தாவின் கிடர்பூரில் இருந்த கப்பல் கட்டும் துறையை 1837இல் விலைக்கு வாங்கியவர் ருஸ்தம்ஜி கவாஸ்ஜி பானாஜி என்ற பார்சி வணிகர். 1839இல் அவரே அந்நகரின் டோம்டோலாவில் தம் மக்களுக்கென ஒரு நெருப்புக் கோயிலையும் எழுப்பினார். அந்தத் தெரு பின்னாளில் டேவிட் ஜோசப் எஸ்ரா என்ற யூதச் செல்வரின் பெயரைப் பெற்றது. அதன் அருகிலேயே 1724இல் கட்டப்பட்ட ஆர்மீனியர் தேவாலயம் நிற்கிறது. பார்சிகளின் முன்னோரான பாரசீகர், யூதர், ஆர்மீனியர் இருவரின் வேதநூலிலும் வருகிறார்கள். அங்கே அவர்கள் ஏற்ற வேடங்கள் காலந்தோறும் மாறிய விதம் ஆராயத்தக்கது.

முதல் வேடம் மீட்பருடையது. கி.மு. 586 அளவில் எருசலேம் ஆலயம் இடிந்து, யூதர்கள் பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனார்கள். அடிமைக்காலம் எழுபது ஆண்டு என்று எரேமியா சொல்லியிருந்தார். கி.மு. 539இல் பாரசீக மன்னன் கோரேசு பாபிலோனைக் கைப்பற்றினான். ஏசாயா நூலின் 45ஆம் அதிகாரம் அவனைக் கடவுளால் அபிஷேகம் செய்யப்பட்டவன் என்றே அழைக்கிறது. தாவீதின் வழிவந்த அரசருக்குரிய பட்டம், இஸ்ரவேலின் கடவுளை அறியாத அந்நியனுக்குச் சூட்டப்பட்டது. எபிரேய வேதம் முழுவதிலும் இதற்கு இணையான துணிச்சலை நான் கண்டதில்லை. 40 முதல் 55 வரையிலான அதிகாரங்கள் சிறையிருப்பின் இறுதிக்காலத்தில் எழுதப்பட்டவை என்பது இன்றைய ஆய்வாளர் பெரும்பாலோரின் முடிவு.

1879இல் பாபிலோனில் கிடைத்த கோரேசின் களிமண் உருளை வேறொரு பக்கத்தைக் காட்டுகிறது. அதில் அவன் வெற்றியைத் தந்தவர் மர்துக் தெய்வம். எருசலேமின் பெயர் எங்கும் இல்லை. பாபிலோனியருக்கும் யூதருக்கும் அவன் ஒரே சமயத்தில் அவரவர் கடவுளின் ஊழியனாக விளங்கினான். கி.மு. 515 அளவில், தரியு மன்னன் காலத்தில், ஆலயம் மீண்டும் எழுந்தது. ஆனாலும் யூதர் பலர் பாபிலோன் நாட்டிலேயே தங்கிவிட்டனர். கல்கத்தாவுக்கு வந்த பாக்தாத் யூதர்கள் தங்களை அப்படித் தங்கியவர்களின் வழித்தோன்றல்களாகவே கருதினார்கள்.

பிறகு வேடம் மாறுகிறது. தானியேல் 8இல் மேதியா, பெர்சியா அரசுகள் இரண்டு கொம்புள்ள ஆட்டுக்கடாவாக வருகின்றன. மேற்கிலிருந்து பாயும் வெள்ளாட்டுக்கடா அந்தக் கொம்புகளை முறித்துப்போடுகிறது. எசேக்கியேல் 38இலோ பெர்சியா, இஸ்ரவேலின் மீது படையெடுக்கும் கோகுவின் படையில் நிற்கிறது.

கிறித்தவர்கள் இரண்டு வேடங்களையும் வாங்கிக்கொண்டார்கள். மத்தேயு நூலில் நட்சத்திரம் கண்டு வரும் ஞானிகளைப் பாரசீகராகவே ஆதித் திருச்சபையினர் பலர் எண்ணினர். அரபு மொழியிலுள்ள குழந்தைப்பருவ நற்செய்தி இன்னும் ஒரு படி மேலே போய், அவர்களின் வருகையைப் பாரசீகச் சமயத்தின் தீர்க்கதரிசி சரதுஷ்டிரரே முன்னறிவித்ததாகச் சொல்கிறது. மறுபுறம், பாரசீகப் பேரரசுக்குள் வாழ்ந்த அஃப்ராஹத் என்ற சிரியாக் துறவி கி.பி. 337இல் தானியேலின் ஆட்டுக்கடாவைத் தம் காலப் போருக்குப் பொருத்தினார். ரோமை எதிர்க்கும் பாரசீகம் வெல்லாது என்றார். பாரசீக மன்னன் இரண்டாம் ஷாப்பூரின் ஆட்சியில், சொந்த அரசின் தோல்வியை வேதத்தில் படித்த அந்தச் சிறுபான்மையினரின் நிலை எளிதானதன்று.

614இல் பாரசீகப் படை எருசலேமைப் பிடித்தபோது யூதர்களிடம் கோரேசு கால நம்பிக்கை மீண்டும் துளிர்த்தது. அது விரைவில் பொய்த்தது. கிறித்தவர்களுக்கோ அது சிலுவை பறிபோன ஆண்டு. ஆனால் பெத்லகேம் கோயிலைப் பாரசீகர் இடிக்காமல் விட்டதற்குக் காரணம், அங்கே வரைந்திருந்த ஞானிகள் பாரசீக உடையில் இருந்ததுதான் என்றொரு கதை பின்னர் கிறித்தவர்களிடமே வழங்கியது.

நம் கரைக்கு இந்த வரலாறு தீர்க்கதரிசனமாக அல்லாமல் வணிகமாக வந்தது. 849ஆம் ஆண்டின் கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் சாட்சிகள் பஹ்லவி என்ற இடைக்காலப் பாரசீக எழுத்திலும், எபிரேய எழுத்தில் எழுதிய பாரசீகத்திலும், அரபியிலும் கையொப்பமிட்டிருக்கிறார்கள். சென்னைப் பரங்கிமலைச் சிலுவையைச் சுற்றி ஓடுவதும் பஹ்லவி எழுத்தே.

ஆட்சி காத்தபோது பாரசீகர் அபிஷேகம் பெற்றார்கள். ஆட்சி நெரித்தபோது விலங்கானார்கள். இன்று எசேக்கியேல் 38ஐ மட்டும் எடுத்து ஈரானின் மீது பொருத்திப் பிரசங்கிப்போர் தமிழ்நாட்டிலும் உண்டு. அவர்கள் ஏசாயா 45ஐயும் அதே மேடையில் வாசிக்க வேண்டும்.