ஒரு டன் கடற்பஞ்சு

கோலார் தங்கவயலில் நாங்கள் குடியிருக்கும் பகுதிக்குக் கோரமண்டல் என்று பெயர். சோழமண்டலக் கடற்கரையின் பெயரே இது. ஆனால் இங்கே கடலும் இல்லை, கப்பலும் இல்லை. ஆரணிப் பக்கத்திலிருந்து என் பாட்டனார் வந்து கடை வைத்த ஊர். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழத்தில் இறங்கி ஏறியவர்கள்தாம் எங்கள் வாடிக்கையாளர்கள். 2001இல் சுரங்கம் மூடப்பட்டது. இவ்வூர்க்காரன் ஆழ்கடலைப் பற்றி எழுதக் காரணம் என் தங்கை.

அவளுக்கு மார்பகப் புற்றுநோய். மருத்துவர் எரிபுலின் என்ற ஊசியைச் சொல்லி, அது கடற்பஞ்சிலிருந்து வந்த மருந்து என்றார். தேனைக்கூடத் தொடாத சமண வீட்டுப் பெண், "அண்ணா, எத்தனை உயிரைக் கொன்னு எடுத்தாங்களோ?" என்று கேட்டாள். அதற்கு விடை தேடிப் படித்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

சங்கு, சிப்பி, புழு ஆகியவற்றை ஈரறிவு உயிர்கள் எனச் சமண நூல்கள் வகுக்கும். கடற்பஞ்சுக்கு வாயும் இல்லை, நரம்பும் இல்லை. ஆயினும் அதுவும் உயிரே. ஓடி ஒளிய இயலாத இவ்வுயிர்கள் பல, நச்சுப் பொருள்களையே காவலாகக் கொண்டுள்ளன. அந்த நஞ்சில்தான் மருந்து தேடுகிறார்கள்.

நம் கடல்களில் ஆழ்கடல் உயிர்களைச் சேகரித்தவர்களுள் முன்னோடி, 1888 முதல் 1892 வரை 'இன்வெஸ்டிகேட்டர்' கப்பலில் பணியாற்றிய மருத்துவர் ஆல்காக். அவர் தேடியது மருந்தை அல்ல, உயிர்வகைகளை. மருந்துக் கதை 1951இல் தொடங்குகிறது. அவ்வாண்டு கரீபியக் கடற்பஞ்சு ஒன்றில் பெர்க்மன் கண்ட பொருள்களே பின்னர் சைட்டரபின் என்னும் இரத்தப் புற்றுநோய் மருந்துக்கு வழிகாட்டின.

1980களில் ஜப்பானின் ஹிராத்தாவும் உவெமுராவும் 600 கிலோ கடற்பஞ்சிலிருந்து ஹாலிகாண்ட்ரின் பி என்ற பொருளை எடுத்தனர். கிடைத்தது 12.5 மில்லிகிராம். புற்றணுக்கள் பிளந்து பெருகுவதை அது தடுத்தது. பின்னர் நியூசிலாந்தின் கைகோராக் கரையருகே, சுமார் 100 மீட்டர் ஆழத்தில், ஒரு டன் கடற்பஞ்சை வாரி எடுத்தார்கள். அதில் தேறியது சுமார் 300 மில்லிகிராம்! ஒரு டன் கல்லை அரைத்துச் சில கிராம் பொன் எடுத்த எங்கள் ஊருக்கு இந்தக் கணக்கு நன்றாகவே புரியும். கல் மீண்டும் வளராது என்பதும் தெரியும்; சயனைடு மேடுகள்தாம் மிச்சம்.

இப்படியே வாரியிருந்தால் அந்தக் கடற்பஞ்சு இனமே மிஞ்சியிராது. நல்வாய்ப்பாக, 1992இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் கிஷி அப்பொருளை ஆய்வுக்கூடத்திலேயே செய்துகாட்டியிருந்தார். அதன் பாதி உருவமே போதும் என்றும் பின்னர் தெரிந்தது. அப்பாதியே எரிபுலின், அமெரிக்காவில் 2010இல் அனுமதி பெற்றது. அறுபதுக்கும் மேற்பட்ட படிகளில் தொழிற்சாலையிலேயே தயாராகிறது. கடற்பஞ்சு தேவையில்லை.

இதைத் தங்கையிடம் விளக்கினேன். "அப்ப முதல்ல செத்த அந்த ஒரு டன்னு?" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. ஊசி போட்டுக்கொண்ட நாள்களிலெல்லாம் பஞ்ச நமஸ்காரம் சொல்லி, அந்த உயிர்களிடமும் மன்னிப்புக் கேட்டாள்.

6000 மீட்டர் ஆழத்துக்கு மூவரைக் கொண்டுசெல்லும் 'மத்ஸ்யா 6000' கலத்தைச் சென்னையிலுள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கி வருகிறது. அதில் இறங்கப்போகும் நம் பிள்ளைகள் மாதிரிக்கு ஒரு துண்டு எடுத்தால் போதும். மற்றதை ஆய்வுக்கூடத்தில் தேடட்டும்.