எழுத்தும் இடமும்

சுவெட்டன்ஹாம் துறைமுகம் 1972இல் கிள்ளான் துறைமுகம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. பிரிக்பீல்ட்ஸ் சாலை பின்னாளில் ஜாலான் துன் சம்பந்தன் ஆயிற்று. பெயர்கள் மாறினவேயன்றித் துறையும் தெருவும் இருந்த இடத்திலேயே இருந்தன. பழைய கணினிகளின் வன்தட்டிலோ நிலைமை நேர்மாறானது. அங்கே பெயர் நிற்கும். அது குறிக்கும் இடம் மாறிவிடும்.

தட்டுகளை எழுத்துகளால் அழைக்கும் வழக்கத்தை நுண்கணினிகளில் பரப்பியது, அமெரிக்கரான கேரி கில்டால் 1974இல் உருவாக்கிய சிபி/எம் என்னும் இயங்குதளமாகும். 1981இல் வெளிவந்த ஐ.பி.எம். கணினியும் டாஸ் வழி அதனையே மேற்கொண்டது. அக்கணினியில் வன்தட்டு இல்லை. நெகிழ்தட்டுகளுக்கு 'ஏ', 'பி' என்பன உரியவாயின. 1983இல் 10 மெகாபைட் வன்தட்டு வந்தபோது அதற்கு வாய்த்தது 'சி'. நெகிழ்தட்டு வழக்கொழிந்த பின்னும் 'சி'யே முதலில் நிற்பது, வாராத விருந்தினருக்கு இருக்கை ஒதுக்கி வைத்தது போன்றதுதான்.

ஒரே வன்தட்டைப் பல பகுதிகளாகப் பிரித்தபோதுதான் சிக்கல் முளைத்தது. டாஸ், ஒவ்வொரு தட்டின் முதன்மைப் பகுதிக்கும் முதலில் எழுத்து வழங்கும். உட்பகுதிகளுக்கு அதன் பின்னரே வழங்கும். 'சி', 'டி' என இரு பகுதிகள் வைத்திருந்த ஒருவர், கோலாலம்பூர் இம்பி பிளாசாவில் இரண்டாம் தட்டொன்றை வாங்கிப் பூட்டி, அதில் முதன்மைப் பகுதியொன்றை அமைத்தாரெனில், 'டி' என்னும் பெயரைப் புதியது பறித்துக்கொள்ளும். பழைய 'டி', 'இ' ஆகிவிடும். புதிதாக வந்தது 'இ'யாகத்தானே இருக்கும் என எண்ணி அதனை வடிவமைத்தால், அழிவது பழைய சேமிப்பு! 1980களில் முத்து நெடுமாறன் மலேசியாவில் உருவாக்கிய முரசு மென்பொருளால் தமிழில் எழுதிச் சேமித்த பக்கங்களுக்கும் இவ்விடர் இருந்தது.

1991இல் லினஸ் தோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ், கம்பியிணைப்பின் இடத்தைக் கொண்டு பெயரிட்டது. முதல் இணைப்பின் முதல் தட்டு 'எச்.டி.ஏ', அடுத்தது 'எச்.டி.பி'. இடையில் எது வந்தாலும் போனாலும் இவை பிறழா. டாஸ் முறையினும் இது நேர்மையானதெனலாம். ஆயினும் 2007 வாக்கில் தட்டுகளை இயக்கும் நிரல் மாறியபோது, பழைய கணினிகளிலும் 'எச்.டி.ஏ' என்பது 'எஸ்.டி.ஏ' ஆயிற்று, கண்டறியப்படும் வரிசையே பெயருக்கு அடிப்படையாயிற்று. பழைய பெயரைக் குறித்து வைத்திருந்த கணினிகள் தம் இல்லத்தையே காணாது திகைத்து நின்றன.

அதனால் ஒவ்வொரு பகுதிக்கும் 32 குறிகள் கொண்ட தனி அடையாள எண் வழக்கிற்கு வந்தது. மனிதர் நாவிற்கு அது ஒவ்வாது. எனினும் தட்டை எங்கு மாற்றிப் பூட்டினும் அவ்வெண் உடன் செல்லும். மீண்டும் வடிவமைத்தாலன்றி மாறாது.