நீரும் நூலும் சிமெண்டும்: தாமிரபரணிப் படுகையில் இயந்திரத் தொழில்களின் நிர்வாக வரலாறு

பொதிகை மலையில் தோன்றிப் புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கும் தாமிரபரணி, ஏறத்தாழ 128 கி.மீ. தூரமே ஓடும் சிறிய ஆறு எனினும், தென்மேற்கு, வடகிழக்கு என்னும் இரு பருவக்காற்றுகளாலும் மழை பெறும் மலைப்பகுதியில் பிறப்பதால், தென் தமிழகத்தில் ஆண்டு முழுவதும் நீரோட்டம் காணும் அரிய ஆறாக அறியப்படுகிறது. இந்த நீரோட்டமே திருநெல்வேலிச் சீமையில் நெல்லை விளைவித்தது; பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பஞ்சாலையின் சக்கரத்தையும், இருபதாம் நூற்றாண்டின் நடுவில் மின்னாக்கியையும் சுழற்றியது. ஆனால் ஒரு புதிய தொழில்நுட்பம் இப்படுகையில் வேரூன்றியதற்கு நீரோ மூலப்பொருளோ மட்டும் காரணமாக அமைந்துவிடவில்லை. யாருடைய முதலில் அது வந்தது, யார் அதன் நட்டத்தை ஏற்றார், யார் அதை இயக்கவும் பழுதுபார்க்கவும் கற்றார் என்னும் நிர்வாகக் கேள்விகளுக்குக் கிடைத்த விடைகளே ஒவ்வொரு கட்டத்திலும் அதன் போக்கைத் தீர்மானித்தன.

இயந்திரங்கள் வருவதற்கு நெடுங்காலம் முன்னரே இப்படுகை ஒரு பெருந்தொழில்நுட்பத்தை நிர்வகித்துப் பழகியிருந்தது. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர் ஆகிய ஏழு அணைக்கட்டுகளும் ஆங்கிலேயர் ஆட்சிக்கு முற்பட்டவை. எட்டாவதான ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு 1870களில் கட்டி முடிக்கப்பட்டது. இவற்றிலிருந்து பிரியும் கால்கள், அதாவது வாய்க்கால்கள், சுமார் 86,000 ஏக்கர் நிலத்துக்குக் கார், பிசானம் என்னும் இரு நெற்பருவங்களிலும் நீர் தருகின்றன. மேல்மடைக்கும் கடைமடைக்கும் முறைவைத்து நீர் விடுவது, தூர்வாரும் வேலையை ஊர்களுக்குள் பங்கிடுவது, மடையைத் திறந்து மூடும் பொறுப்பை நீர்க்கட்டியிடம் ஒப்படைத்து விளைச்சலில் அவருக்குப் பங்கு அளப்பது போன்ற ஏற்பாடுகள் இல்லாமல் கல்லணைகளால் மட்டும் இந்தப் பாசனம் நடந்திருக்க முடியாது. செலவைப் பகிர்ந்துகொள்ளும் முறையும் பராமரிப்புக்குப் பொறுப்பான ஆளும் இருந்தால் ஒரு நுட்பம் நூற்றாண்டுகள் நிலைக்கும் என்பதற்கு இந்த அணைக்கட்டுகள் சான்றாகின்றன.

ஆற்றுக்கு வடக்கே பரந்த கோவில்பட்டி, ஒட்டப்பிடாரம் வட்டாரத்துக் கரிசல் நிலம் பருத்திக்கு உரியது. அங்கு விளைந்த பஞ்சு, திருநெல்வேலியின் ஆங்கிலப் பெயரையொட்டி 'டின்னவெல்லி' என்னும் வணிகப் பெயருடன் தூத்துக்குடித் துறைமுகம் வழியாக வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியானது. 1876ஆம் ஆண்டில் தூத்துக்குடிக்கு இரயில் பாதை வந்ததும் இந்த வணிகம் வேகம் பெற்றது. பஞ்சு கப்பலேறி லங்காஷயருக்குப் போய் நூலாகித் திரும்பி வந்து, உள்ளூர்க் கைத்தறிகளில் பாவும் ஊடையும் ஆகும் நிலையில், அந்த நூலை இங்கேயே நூற்றால் போக்குவரத்துச் செலவு மிச்சமாகும் என்பது வணிகர்களுக்குத் தெளிவான கணக்காக இருந்தது. தடையாக நின்றது எரிபொருள். பம்பாயில் 1850களில் தொடங்கிய பஞ்சாலைகள் நீராவியால் இயங்கின. ஆனால் நிலக்கரி வயல்களிலிருந்து மிகத் தொலைவில் கிடந்த திருநெல்வேலிக்கு நிலக்கரியைக் கொண்டுவருவது பெருஞ்செலவு பிடிக்கும் காரியம்.

ஸ்காட்லாந்து நாட்டுச் சகோதரர்களான ஆண்ட்ரூ ஹார்வி, ஃபிராங்க் ஹார்வி ஆகியோரின் ஏ. அண்டு எஃப். ஹார்வி நிறுவனம் இந்தத் தடைக்கு விடையைப் பாபநாசத்தில் கண்டது. 1880களில் அங்குள்ள அருவிக்குக் கீழே, இன்றைய விக்கிரமசிங்கபுரத்தில் எழுந்த திருநெல்வேலி மில், மலையிலிருந்து இறங்கும் ஆற்றுநீரின் விசையையே முதன்மை ஆற்றலாகக் கொண்டது. உயரத்தில் பிரித்தெடுத்த நீரைக் கீழே பாய்ச்சி, டர்பைன் எனப்படும் நீர்ச்சுழலியைச் சுழலவைத்து, அந்தச் சுழற்சியை நூற்புக் கதிர்களுக்குக் கடத்துவதே அதன் முறை. பயன்பட்ட நீர் செலவழிந்து போகாமல் ஆற்றுக்கே திரும்பியதால், ஆலையின் தேவையும் பாசனத்தின் தேவையும் ஒரே ஆற்றில் அடுத்தடுத்து நிறைவேற வழி இருந்தது. கர்நாடகத்தில் கடப்பிரபை ஆற்றின் கோகாக் அருவியிலும் இதே காலத்தில் நீர்விசைப் பஞ்சாலை தோன்றியது என்பதை நோக்க, நிலக்கரி எட்டாத இடங்களில் இந்தியத் தொழில்துறை அருவிகளைத் தேடிச் சென்ற பொதுப்போக்கின் ஒரு பகுதியாகவே பாபநாசத்தைக் காண வேண்டும்.

இந்தத் தேர்வுக்கு ஒரு விலையும் இருந்தது. ஆற்றலுக்கு அருகே அமைந்த ஆலை, பஞ்சு விளையும் கரிசலிலிருந்தும் துறைமுகத்திலிருந்தும் விலகி நின்றது. திருநெல்வேலியிலிருந்து கல்லிடைக்குறிச்சி, செங்கோட்டை வழியாகக் கொல்லம் செல்லும் இரயில் பாதை 1902 முதல் 1904 வரையிலான ஆண்டுகளில்தான் திறக்கப்பட்டது. அதுவரை பஞ்சுப் பொதி ஏறுவதற்கும் நூல் சிப்பம் இறங்குவதற்கும் மாட்டுவண்டியே துணை. ஹார்வி நிறுவனம் தன் அடுத்த ஆலைகளான தூத்துக்குடிக் கோரல் மில்லையும் மதுரை மில்லையும் துறைமுகத்தையும் இரயில் சந்திப்பையும் ஒட்டி அமைத்தது இந்தப் பின்னணியில் கவனிக்கத் தக்கது. மூன்று ஆலைகளும் பின்னர் மதுரை மில்ஸ் என்னும் ஒரே கம்பெனியின் கீழ் வந்து, 1974இல் மதுரா கோட்ஸ் ஆயின.

ஹார்வி நிறுவனம் இந்த ஆலைகளை நடத்திய முறை நிர்வாக முகமை எனப்படும். பங்குதாரர்களின் பணத்தில் உருவாகும் கம்பெனி ஒன்று, தன் அன்றாட நிர்வாகம் முழுவதையும் ஒப்பந்தத்தின் பேரில் ஒரு வணிக நிறுவனத்திடம் விட்டுவிட்டு, அதற்குக் கழிவுத்தொகை வழங்கும் ஏற்பாடு இது. தேர்ந்த பொறியாளர்களும் மேலாளர்களும் அரிதாக இருந்த காலத்தில், பஞ்சு கொள்முதல், இயந்திர இறக்குமதி, நூல் விற்பனை ஆகிய மூன்றையும் ஒரே அலுவலகம் பல ஆலைகளுக்கும் சேர்த்துக் கவனிக்க முடிந்ததால், ஓர் ஆலையில் கற்ற பாடம் அடுத்த ஆலைக்கு எளிதாகச் சென்றது. அதே ஏற்பாடு, அறிவையும் முடிவெடுக்கும் உரிமையையும் முகவரின் அலுவலகத்துக்குள்ளேயே அடைத்துவைத்தது. பங்குதாரருக்கு ஈவுத்தொகையும் தொழிலாளிக்குக் கூலியும் கிடைத்தன, ஆனால் ஆலை தொடங்கும் திறன் ஊருக்குள் இறங்கவில்லை. இந்தியா முழுவதிலும் இம்முறை 1970 ஏப்ரலில் சட்டப்படி ஒழிக்கப்பட்டது.

நூற்பு இயந்திரமயமானபோதும் நெசவு கைத்தறியிலேயே நீடித்தது என்பது இப்படுகையின் தொழில் வரலாற்றில் முக்கியமான செய்தியாகும். மேலப்பாளையம், வீரவநல்லூர், கடையநல்லூர் முதலிய நெசவூர்களில் கையால் நூற்ற நூலின் இடத்தை மில் நூல் பிடித்துக்கொண்டது. அது சீராகவும் மலிவாகவும் கிடைத்ததால், ஒரு தொழிலை அழித்த இயந்திரமே அடுத்த தொழிலுக்கு உயிர் கொடுத்தது. சென்னை மாகாணத்தில் ஆல்ஃப்ரட் சாட்டர்டன் 1906இல் சேலத்தில் அரசு நெசவுச்சாலை அமைத்து, கயிற்றை இழுத்தால் தானே குறுக்கே ஓடும் விசைநாடாவைப் பரப்ப முயன்றதும் இதே நோக்கில்தான்: பழைய தறியை நீக்காமல் அதன் ஓர் உறுப்பை மட்டும் மாற்றி உற்பத்தியைப் பெருக்குவது. அரசே தொழில் நடத்துவதை 1910இல் பிரிட்டிஷ் அரசில் இந்தியாவுக்கான அமைச்சராக இருந்த மார்லி மறுத்ததால் அம்முயற்சிகள் சுருங்கின. முதலும் இடமும் குறைந்த நெசவாளருக்குத் தறியை முழுதாக மாற்றுவதைவிட உறுப்பை மாற்றுவதே எட்டக்கூடியது என்பதை இந்த அனுபவம் காட்டியது.

ஆலைகளின் அறிவும் உரிமையும் முகவரின் அலுவலகத்தில் குவிந்ததன் விளைவு 1908இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு பிப்ரவரி 27 அன்று கோரல் மில் தொழிலாளர்கள், வ. உ. சிதம்பரம் பிள்ளை, சுப்பிரமணிய சிவா ஆகியோரின் வழிகாட்டலில் வேலைநிறுத்தம் செய்து, கூலி உயர்வும் வார விடுமுறையும் பெற்றனர். வ.உ.சி. இதற்கு முன்னரே, 1906 அக்டோபரில், சுதேசி நாவாய்ச் சங்கத்தைப் பதிவு செய்திருந்தார். ரூ. 25 மதிப்புள்ள 40,000 பங்குகளாகப் பத்து லட்சம் ரூபாய் முதல் திரட்டத் திட்டமிட்டதன் வழியாக, நடுத்தர மக்களும் ஒரு நவீனக் கம்பெனியின் உரிமையாளராகலாம் என்பதை அது காட்டியது. காலியா, லாவோ என்னும் நீராவிக் கப்பல்களை அது பெற்றதிலிருந்து, இயந்திரம் வாங்குவது இந்தியருக்கு முடியாத காரியமன்று என்பதும் புலனாயிற்று. எதிர்நிறுவனமான ஆங்கிலேயக் கப்பல் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துப் போட்டியிட்டதும், 1908 மார்ச்சில் வ.உ.சி. சிறைப்பட்டதும் சேர்ந்து சங்கத்தைச் சில ஆண்டுகளுக்குள் முடித்துவைத்தன. நீண்ட போட்டியைத் தாங்கும் முதலிருப்பும், தலைவர் இல்லாதபோதும் இயங்கும் நிர்வாகமும் அதற்கு வாய்க்கவில்லை.

அடுத்த மாற்றத்தைக் கொண்டுவந்தது அரசு. பைக்காரா (1932), மேட்டூர் (1937) ஆகிய புனல்மின் திட்டங்களைத் தொடர்ந்து சென்னை அரசு பாபநாசத் திட்டத்தை 1938இல் தொடங்கியது. உலகப்போரால் இயந்திரம் பெறுவதே கடினமாக இருந்த 1944இல் மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. மேலே கட்டப்பட்ட 143 அடி உயரமுள்ள காரையாறு அணை, மழைக்காலத்து நீரைத் தேக்கி, மின்னாக்கத்துக்கும் கார் சாகுபடிக்கும் சேர்த்து விடுவிக்க வழிசெய்தது. நீர்ச்சுழலியிலிருந்து ஆலைவரை இருந்த தொடர்பை மின்கம்பி அறுத்துவிட்டதுதான் இதன் உண்மையான புதுமை: ஆற்றலைப் பெற ஆலை இனி அருவியடியில் அமைய வேண்டியதில்லை, அரிசி ஆலையும் கிணற்றுப் பம்புசெட்டும் வைக்கும் சிறு முதலாளியும் அதே மின்சாரத்தின் வாடிக்கையாளர் ஆகலாம்.

மின்சாரம் எட்டிய அந்தப் புதுச் சூழலில்தான் தாழையூத்தில் கிடைத்த சுண்ணாம்புக்கல் ஒரு தொழிலுக்கு அடிப்படையாயிற்று. கல்லிடைக்குறிச்சியைச் சேர்ந்த எஸ். என். என். சங்கரலிங்க ஐயரும் டி. எஸ். நாராயணசாமியும் 1946இல் நிறுவிய இந்தியா சிமெண்ட்ஸ், 1949இல் சங்கர்நகர் என்று பின்னர் பெயர்பெற்ற அவ்விடத்தில் தன் முதல் ஆலையை இயக்கியது. இங்கே நுட்பம் வெளியிலிருந்து வந்தாலும் முதலையும் முடிவையும் உள்ளூர்க்காரர்கள் ஏற்றனர் என்பது பாபநாசத்துக்கும் தாழையூத்துக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு. அக்காலத்து இந்தியச் சிமெண்ட் ஆலைகளில் பெரும்பாலானவை, சுண்ணாம்புக்கல்லை நீரோடு அரைத்துக் குழம்பாக்கிச் சூளையில் சுடும் ஈரமுறையைப் பின்பற்றின. அந்த நீரை ஆவியாக்கவே மிகுந்த நிலக்கரி செலவானது. உலர்முறை சிக்கனமானது என்பது தெரிந்தும் அது தாமதமாகவே பரவியதற்கு விலைக்கட்டுப்பாடு பெருங்காரணம். விற்பனை விலையை அரசு நிர்ணயித்தபோது புதிய சூளைக்குப் பெருமுதல் போடும் ஊக்கம் ஆலைகளுக்கு இல்லை. 1982இல் கட்டுப்பாடு பகுதியளவும் 1989இல் முழுவதும் நீங்கிய பிறகே நாடெங்கும் உலர்முறைக்கு மாறும் வேகம் கூடியது.

ஊக்கம் எங்கே வைக்கப்படுகிறதோ அங்கேயே நுட்பம் செல்லும் என்பதற்கு எதிர்த்திசையிலான சான்று காற்றாலைகள். 1986இல் தூத்துக்குடிக்கு அருகே முள்ளக்காட்டில் அரசின் செயல்விளக்கக் காற்றாலைகள் நிறுவப்பட்டன. 1990களில் கயத்தாறு முதல் ஆரல்வாய்மொழிக் கணவாய்வரை தனியார் காற்றாலைகள் பெருகின. முழுவிலையையும் முதல் ஆண்டிலேயே தேய்மானமாகக் கழித்துக்கொள்ள வருமான வரிச் சட்டம் இடமளித்ததும், ஓரிடத்தில் ஆக்கிய மின்சாரத்தை வேறிடத்து ஆலையின் கணக்கில் வரவு வைத்துக்கொள்ள மின்வாரியம் அனுமதித்ததும் நூற்பாலை முதலாளிகளை இத்துறைக்கு இழுத்தன. ஆனால் சலுகை நிறுவுவதற்குத்தானே தவிர, மின்சாரம் ஆக்குவதற்கு அன்று. ஆகவே காற்றை ஆராயாமல் நட்ட ஆலைகளும் பராமரிப்பின்றி நின்ற ஆலைகளும் அக்காலத்தில் உருவாயின. ஆக்கப்பட்ட ஒவ்வோர் அலகுக்கும் ஊக்கத்தொகை தரும் திட்டத்தை மத்திய அரசு 2009இல் கொண்டுவந்தது இந்தக் குறையைக் கண்டதால்தான்.

இவ்வளவு தொழில்களுக்கு இடம் தந்த மாவட்டம், இயந்திரம் செய்யும் தொழிலைத் தன்னிடம் வளர்க்கவில்லை. திருக்குறுங்குடியில் பிறந்த டி. வி. சுந்தரம் ஐயங்கார் மதுரையிலும், ஆழ்வார்குறிச்சியில் பிறந்த எஸ். அனந்தராமகிருஷ்ணன் சென்னையில் சிம்சன் குழுமத்திலும் மோட்டார்த் தொழிலை வளர்த்தனர். நெல்லைச் சீமை நிர்வாகிகளை ஈன்றது, அவர்களுடைய தொழிற்கூடங்களை ஈர்க்கவில்லை. பாபநாசம் மில் வந்து ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து, 1981இல்தான் திருநெல்வேலிக்கு அரசுப் பொறியியல் கல்லூரி கிடைத்தது என்பது இந்த இடைவெளியின் அளவைக் காட்டும்.

கங்கைகொண்டானில் சிப்காட் தொழிற்பேட்டையில் டாட்டா பவர் குழுமத்தின் 4.3 ஜிகாவாட் திறனுள்ள ஆலை 2023 முதல் சூரியத் தகடுகளையும், 2024 முதல் அவற்றின் மூலப்பகுதியான சூரிய மின்கலங்களையும் ஆக்கிவருகிறது. ஆற்றலைப் பயன்படுத்துவதோடு நில்லாமல், ஆற்றல் தரும் கருவியையே பெருமளவில் செய்யும் நிலைக்குப் படுகை இப்போதுதான் வந்துள்ளது. நீர்விசை ஆலையின் முகமை அலுவலகமும், பங்குதாரர் கப்பல் கம்பெனியும், அரசின் மின்கம்பியும், வரிச்சலுகைக் காற்றாலையும் தந்த அனுபவத்தை ஒருசேர நோக்கினால் ஒரு முடிவு தெளிவாகிறது. இயந்திரத்தை விலைகொடுத்து வாங்கிவிடலாம். அதை நடத்தும் திறமையும் அதன் மீதான உரிமையும் ஊராரிடம் சேராதவரை, தொழில் இங்கே நடக்கும், தொழில்வளம் இங்கே தங்காது. எனவே புதிய ஆலைகளுக்கு நிலமும் சலுகையும் வழங்கும் அரசு, உள்ளூர் மாணவர்களின் தொழிற்பயிற்சியையும் உள்ளூர்ச் சிறுதொழில்களிடம் உதிரிப்பாகக் கொள்முதலையும் அந்த ஒப்பந்தங்களிலேயே சேர்ப்பது அவசியம்.