பிரவுன் வண்டியும் ஸ்டாப்வாட்சும்

யூபிஎஸ்னு சொன்னா நம்மூர்ல கரண்ட் போனதும் கீச் கீச்னு கத்துற டப்பாதான் ஞாபகத்துக்கு வரும். இந்தப் பதிவு அதைப் பத்தி இல்லைங்க. இது யுனைடெட் பார்சல் சர்வீஸ். அமெரிக்காவுல இருக்கற நண்பர்களைக் கேட்டா சொல்லுவாங்க, பிரவுன் வண்டி, பிரவுன் சட்டை, அரக்கப் பரக்க வந்து பெட்டியைக் கொடுத்துட்டு ஓடிப்போற மனுஷன். அவங்க கம்பெனி கதை.

கூரியர் கம்பெனி கதை நமக்கு எதுக்குன்னு கேக்கறீங்களா? டைம்ஷீட், எத்தனை டிக்கெட் மூடினே, எத்தனை மணிக்கு கார்டு தேய்ச்சே, இதெல்லாம் நம்ம பொட்டி தட்டற தொழில் கண்டுபிடிச்ச கொடுமைன்னு நாம நினைச்சுக்கிட்டு இருக்கோம். இதுக்கெல்லாம் கொள்ளுத்தாத்தா ஒருத்தர் பார்சல் வண்டியில உக்காந்திருக்கார். நூறு வருஷத்துக்கு மேல ஓடற அந்த வண்டியைப் பாத்தா, நம்ம டேமேஜர்கள் எங்கே கோட்டை விடறாங்கன்னு தெளிவா தெரியும்.

சரி, கொசுவத்தி சுத்துவோம்.

1907, சியாட்டில் நகரம். ஜிம் கேஸிக்கு 19 வயசு. அப்பாவுக்கு உடம்பு சரியில்லாததால 11 வயசுலயே வேலைக்குப் போன பையன். கூட்டாளி க்ளாட் ரயானோட சேர்ந்து 100 டாலர் கடன் வாங்கி அமெரிக்கன் மெசஞ்சர் கம்பெனின்னு ஒண்ணு ஆரம்பிச்சார். சேதி கொண்டு போறது, பொட்டலம் கொண்டு போறதுன்னு சில்லறை வேலைகள். நடந்தும் சைக்கிள்லயும்தான் எல்லாம். 1913ல முதல் ஃபோர்டு வண்டி வந்தது. 1916ல வந்து சேர்ந்த சார்லி சோடர்ஸ்ட்ராம் யோசனைப்படி வண்டிக்கு பிரவுன் பெயிண்ட் (அழுக்கு தெரியாதுல்ல!). 1919ல கலிபோர்னியாவுல ஓக்லண்டுக்கு விரிஞ்சப்போ இப்ப இருக்கற பேரு வந்தது.

கேஸி கொடுமைக்கார முதலாளி இல்ல, இதைச் சொல்லிடணும். 1916லேயே டீம்ஸ்டர்ஸ் யூனியன் கம்பெனிக்குள்ள வந்தாச்சு. 1927ல இருந்து மேனேஜர்களுக்கும் சூப்பர்வைசர்களுக்கும் பங்கு கொடுத்தாங்க. மேனேஜரை வெளியில இருந்து கொண்டு வர்றது அபூர்வம். வண்டி ஓட்டினவன், பெட்டி தூக்கினவன்தான் மேலே வருவான். கேக்கவே நல்லா இருக்குல்ல?

இவரே இன்னொரு வேலையும் செஞ்சார். 1920கள்ல ஸ்டாப்வாட்சை உள்ளே கொண்டு வந்தார்.

அது ஃப்ரெடரிக் டெய்லர் அலை ஓய்ந்திராத காலம். டெய்லர் பெத்லஹேம் இரும்பு ஆலையில ஒரு நாளைக்கு 12.5 டன் இரும்பு ஏத்திக்கிட்டிருந்த ஆளை 47.5 டன் ஏத்த வச்சேன்னு 1911ல வந்த புத்தகத்துல பெருமையா எழுதினவர். கூலி 1.15 டாலர்ல இருந்து 1.85 ஆச்சு. கணக்குப் போட்டுப் பாருங்க, வேலை கிட்டத்தட்ட நாலு மடங்கு, கூலி 60 சதவீதம் ஜாஸ்தி. ஃப்ராங்க் கில்பிரெத்னு இன்னொருத்தர், கொத்தனார் ஒரு செங்கல் வைக்க 18 அசைவு எதுக்கு, அஞ்சு போதும்னு குறைச்சுக் காட்டினவர். மனுஷன் வேலையைத் துண்டு துண்டா வெட்டி ஒவ்வொரு துண்டுக்கும் நேரம் குறிக்கலாம்னு இவங்க சொன்னது கேஸிக்குப் பிடிச்சுப் போச்சு.

இந்த ஐடியா டெலிவரிக்கு வந்தா எப்படி இருக்கும்? வண்டியை நிறுத்தறது, சீட் பெல்ட்டைக் கழட்டறது, இறங்கறது, பெட்டி எடுக்கறது, நடக்கறது எல்லாத்துக்கும் முறை இருக்கு. சாவியை எந்த விரல்ல மாட்டணும்னு இருக்கு. வாடிக்கையாளர் வாசல் வரைக்கும் வினாடிக்கு மூணு அடி வேகத்துல நடக்கணும்னு 1980கள்ல பத்திரிகைகள்ல வந்துச்சு. அப்போ இந்த அளக்கற வேலைக்குன்னே ஆயிரத்துக்கும் மேல இண்டஸ்ட்ரியல் இஞ்சினியர்கள் இருந்தாங்களாம். பின்னாடி இந்த விதிகளை "340 முறைகள்"னே சொல்ல ஆரம்பிச்சாங்க.

இதெல்லாம் சேர்த்து ஒவ்வொரு டிரைவருக்கும் காலையிலேயே ஒரு கணக்கு வந்துடும். இத்தனை வீடு, இத்தனை மைல், இத்தனை பெட்டி, ஆக இத்தனை மணி நேரம். அதைத் தாண்டினா உன் பேருக்கு நேரா "ஓவர் அலவ்டு"னு விழும். தாண்டிக்கிட்டே இருந்தா ஒருநாள் சூப்பர்வைசர் பக்கத்துல வந்து உக்காந்துக்கிட்டு நாள் முழுக்க நீ பண்றதைக் குறிச்சுக்குவார். நம்ம ஸ்க்ரீனைப் பின்னாடி நின்னு ஒருத்தர் பாத்தாலே நமக்கு கை ஓடாது. இங்கே முழு நாள்!

நிற்க. இதுல நியாயமே இல்லையான்னா, இருக்கு. குனியாம தூக்கறது எப்படி, வழுக்காம இறங்கறது எப்படின்னு அதே முறைகள்தான் சொல்லித் தருது. அளந்தா, மேலாளருக்குப் பிடிச்சவன் பிடிக்காதவன்ங்கற பாரபட்சமும் குறையணும். சம்பளமும் நல்ல சம்பளம். காலேஜ் படிப்பு இல்லாத ஒருத்தர் வீடு வாங்கி பிள்ளைகளைப் படிக்க வைக்கற அளவுக்கு. "ஓடு, காசு தர்றேன்"ங்கறதுதான் எழுதாத ஒப்பந்தம். ரொம்ப நாள் அது ஓடவும் செஞ்சது.

பிரச்னை, நம்பர் வந்ததும் மேலாளர் கேக்கறதை நிறுத்திட்டார்ங்கறதுதான். டிரைவர் 40 நிமிஷம் லேட்டுன்னா அதுக்கு நூறு காரணம் இருக்கும். லிஃப்ட் ரிப்பேர், நாய், பனி, பெட்டியைத் தப்பான அலமாரியில அடுக்கின அவசரம். நம்பர்ல இது எதுவும் தெரியாது, 40ன்னு மட்டும் தெரியும். சூப்பர்வைசருக்கு மேலே இருந்து வர்றதும் நம்பர்தான். அவரும் ஒரு காலத்துல வண்டி ஓட்டினவர், அவருக்கும் நெருக்கடி. அந்த நெருக்கடியை அப்படியே கீழே தள்ளிவிடறதே நிர்வாகம்னு ஆயிடுது. டிரைவர் என்ன பண்ணுவார்? மதியச் சாப்பாட்டு நேரத்துலயும் பெட்டி கொடுப்பார். கணக்கு சரியா வரும். மறுநாள் அந்தக் கணக்கே புது அளவுகோல் ஆயிடும். நம்மள்ல ராத்திரி வீட்ல உக்காந்து வேலையை முடிச்சுட்டு டைம்ஷீட்ல எட்டு மணி நேரம்னு போடறவங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம் :-)

இதுக்கு அப்புறம் நடந்ததைத் தேதிவாரியா பாத்தா ஒரு விஷயம் பிடிபடுது.

1994. ஒரு பெட்டியோட அதிகபட்ச எடை 70 பவுண்டா இருந்தது. கிட்டத்தட்ட 32 கிலோ. கம்பெனி அதை ஒரேயடியா 150 பவுண்டு ஆக்குச்சு. 68 கிலோ, அதாவது ஒரு முழு ஆள்! இதுல மாத்திப் பேச வழியில்லைன்னு பிப்ரவரி 7ஆம் தேதி டீம்ஸ்டர்ஸ் ஒருநாள் வேலைநிறுத்தம் பண்ணினாங்க. கனமான பெட்டியைத் தனியாளா தூக்க வேண்டாம், உதவி கேக்கலாம்ங்கற ஏற்பாடு அதுக்கு அப்புறம்தான் வந்தது. விரலுக்கு விரல் அசைவை அளந்த கம்பெனி, 68 கிலோவை ஒருத்தன் தூக்கினா இடுப்பு என்னாகும்னு கேக்கறதுக்கு ஒரு ஸ்ட்ரைக் தேவைப்பட்டுச்சு.

1997. இதுதான் பெரிசு. கம்பெனியில இருந்த டீம்ஸ்டர்ஸ் ஆளுங்கள்ல 60 சதவீதம் பேர் பகுதி நேரம். நடுராத்திரியிலயும் விடிகாலையிலயும் கிடங்குல பெட்டி பிரிச்சு வண்டியில அடுக்கறவங்க. அவங்களுக்கு ஆரம்பக் கூலி மணிக்கு 8 டாலர். 1982லயும் 8, 1997லயும் 8. பதினஞ்சு வருஷம்! முழுநேர வேலைக்குக் காத்துக்கிட்டே வருஷக்கணக்கா இருந்தவங்க ஏராளம். ஆகஸ்ட் 4ஆம் தேதி 1,85,000 பேர் வெளியே வந்துட்டாங்க. கம்பெனியோட விமானிகளும் கூட நின்னாங்க.

தலைமை தாங்கின ரான் கேரி, அதே கம்பெனியில வண்டி ஓட்டினவர். அவர் அப்பாவும் அங்கே டிரைவர். வேலைநிறுத்தம்னாலே பொதுஜனம் திட்டறதுதான் எந்த ஊர்லயும் வழக்கம். இங்கே தலைகீழா நடந்தது. காலப் கருத்துக்கணிப்புல 55 சதவீதம் பேர் தொழிலாளி பக்கம், 27 சதவீதம்தான் கம்பெனி பக்கம். ஏன்னா அந்த டிரைவரை ஜனங்களுக்குப் பேர் சொல்லித் தெரியும். வருஷக்கணக்கா அதே தெருவுக்கு அதே ஆள்தானே வந்தார். கம்பெனி அளக்கத் தெரியாத ஒரே விஷயம் அதுதான், கடைசியில அதுதான் ஜெயிச்சது. 15 நாள்ல 10,000 புது முழுநேர வேலைகளுக்குக் கம்பெனி ஒத்துக்குச்சு.

கேரி கதை சோகம். ஸ்ட்ரைக் முடிஞ்ச சில நாள்லயே, தேர்தல் நிதி முறைகேடுன்னு அவர் ஜெயிச்ச யூனியன் தேர்தல் செல்லாதுன்னு ஆச்சு. 1998ல யூனியனை விட்டே நீக்கினாங்க. பொய்சாட்சி வழக்குல 2001ல குற்றமற்றவர்னு விடுதலையானாலும் திரும்பி வரல. 2008ல காலமானார்.

1999ல கம்பெனி பங்குச்சந்தைக்கு வந்தது. 547 கோடி டாலர் திரட்டுச்சு, அன்னிக்கு அமெரிக்காவுலயே அதுதான் பெரிய வெளியீடு. மேனேஜர்கள் கையில இருந்த பங்கு இனிமே எல்லார் கையிலயும். வால் ஸ்ட்ரீட்டுக்கு வருஷத்துக்கு நாலு தடவை பதில் சொல்லணும்.

அடுத்து நம்ம ஜாதிக்காரங்க வந்தாங்க. அதாங்க, சாஃப்ட்வேர் :-) டிரைவர் கையில எலக்ட்ரானிக் பலகை 1990களோட ஆரம்பத்துலயே வந்தாச்சு. 2000களோட கடைசியில வண்டி முழுக்க 200க்கும் மேல சென்சார். கதவு எப்போ திறந்தது, பெல்ட் போட்டாரா, பின்னாடி எடுத்தாரா, எத்தனை நேரம் சும்மா நின்னார், எல்லாம் பதிவாகும். ஒவ்வொரு டிரைவரும் நாளைக்கு ஒரே ஒரு நிமிஷம் மிச்சம் பண்ணினா வருஷத்துக்கு 1 கோடியே 45 லட்சம் டாலர்னு கம்பெனியே கணக்கு சொல்லுச்சு. அந்த ஒரு நிமிஷத்தைத் தேடற வேட்டையில மாட்டினவன் கதியை யோசிங்க.

அப்புறம் ஓரியான். எந்த வீட்டுக்கு அப்புறம் எந்த வீடுன்னு சொல்ற மென்பொருள். 120 வீட்டை எந்த வரிசையில சுத்தலாம்னா அதுக்கு இருக்கற வழிகளோட எண்ணிக்கை 199 இலக்கம். அதுல நல்ல வழியா ஒண்ணைச் சில நொடியில எடுத்துக் கொடுக்குது. வருஷத்துக்கு 10 கோடி மைல் மிச்சம்னு கம்பெனி சொல்லுது. 2016ல எடெல்மன் பரிசும் கிடைச்சது. இஞ்சினியரா தொப்பியைக் கழட்டி வணக்கம் சொல்றேன். ஆனா பள்ளிக்கூடம் விடற நேரத்துல அந்தத் தெருவுக்குள்ள போகக் கூடாதுன்னு இருபது வருஷமா ஓட்டறவருக்குத் தெரியும். அவர் அனுபவப்படி வேற வழியில போனா, "ஏன் சொன்ன வழியில போகல?"ன்னு இன்னொரு நம்பர் வந்து நிக்கும். இதை எழுதினவங்க கெட்டவங்க இல்ல. மேலாளர் கேக்க வேண்டிய கேள்விக்குப் பதிலா நாம ஒரு டாஷ்போர்டு பண்ணிக் கொடுத்துட்டோம், அவ்வளவுதான்.

யூனியனும் காது கொடுக்காத காலம் உண்டு. 2018ல ஒரு புது ஒப்பந்தம் வந்தது. அதே வண்டி, அதே வேலை, குறைஞ்ச சம்பளத்துல ஒரு புது டிரைவர் பிரிவு. ஓட்டுப் போட்டவங்கள்ல 54 சதவீதம் பேர் வேண்டாம்னாங்க. பாதிக்குக் கீழேதான் ஓட்டுப் போட்டிருக்காங்க, அதனால நிராகரிக்க மூணுல ரெண்டு பங்கு வேணும்னு ஒரு பழைய விதியைக் காட்டி தலைமை அதை அமலுக்குக் கொண்டு வந்துடுச்சு. ஜனங்க மறக்கல. 2021ல அந்த விதியும் போச்சு, தலைமையும் மாறுச்சு.

2023ல 3,40,000 பேர் மறுபடி வாசல்ல நின்னாங்க. ஸ்ட்ரைக் வரைக்கும் போகல, ஜூலை 25ல உடன்பாடு. ரெண்டாந்தர டிரைவர் பிரிவு ஒழிஞ்சது. பகுதி நேரக்காரங்களுக்குக் குறைஞ்சது மணிக்கு 21 டாலர். டிரைவர் மூஞ்சியைப் பாக்கற கேமரா கூடாது. அப்புறம், 2024 ஜனவரி 1க்கு மேல வாங்கற பெரிய வண்டிகள்ல ஏசி.

கடைசி வரியைத் திரும்பப் படிங்க. வெயில்ல தகரப் பொட்டியா கொதிக்கற வண்டி அது. 200 சென்சார் வச்சு கதவு திறக்கறதை எண்ணின கம்பெனி, ஏசி வைக்கறேன்னு எழுதிக் கொடுக்க 2023 வரைக்கும் ஆச்சு. அதுவும் தானா வரல, பேச்சுவார்த்தை மேசையில வாங்கினது. உள்ளே வேகுதுன்னு தெரிஞ்சுக்க எந்த சென்சாரும் தேவையில்ல, ஒரு டிரைவரைக் கேட்டிருந்தா போதும்.

அதுக்காக எல்லாரும் சுகமா வாழ்ந்தார்கள்னு முடிக்க முடியாது. 2025 ஜனவரியில அமேசான் பார்சலைப் பாதிக்கு மேல குறைச்சுக்கறோம்னு சொன்னாங்க. ஏப்ரல்ல 20,000 வேலைகளைக் குறைக்கப் போறதா அறிவிப்பு. நம்பர் மறுபடியும் வேலையைக் காட்டுது.

எனக்குத் தோணறது இதுதான். அளக்கறது பாவம் இல்ல. அளக்காம இருந்தா முதலாளியோட மூடுதான் அளவுகோல், அது இன்னும் மோசம். ஆனா இந்தக் கம்பெனியில அளவுகோல் எப்பவும் கீழ்நோக்கியே பாத்துச்சு. டிரைவரோட ஒவ்வொரு வினாடிக்கும் கணக்கு இருந்தது. ஒரு மேலாளர் எத்தனை தடவை கீழே இருக்கறவன் சொன்னதைக் கேட்டு ஒரு விஷயத்தை மாத்தினார்ங்கறதுக்கு எந்த நம்பரும் இல்ல. அந்த இடைவெளியை நிரப்பத்தான் ஸ்ட்ரைக்கும் ஒப்பந்தமும் தேவைப்பட்டுச்சு. மன உளைச்சல்னு நாம சொல்றது வேலைப் பளு மட்டும் இல்லீங்க. சொல்ல வேண்டியதைச் சொல்ல ஆள் இல்லாம போறதும்தான்.

உங்க ஆபீஸ்ல உங்களை எதை வச்சு அளக்கறாங்க? உங்க டேமேஜரை யாராவது அளக்கறாங்களா? வந்து சொல்லிட்டுப் போங்க மக்களே. நான் போய் டைம்ஷீட் போடறேன், இன்னிக்கு கடைசி நாள் :-)