நடக்காத நஷ்டம்

மயிலாப்பூர், தி.நகர் பக்கம் மூன்று தலைமுறையாகக் குடியிருக்கும் குடும்பமா உங்களுடையது? அப்படியென்றால் 'எவாக்குவேஷன்' என்கிற வார்த்தையைப் பாட்டி வாயால் கேட்டிருப்பீர்கள்.

1942 ஏப்ரல். 5-ம் தேதி கொழும்பில் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டன. 6-ம் தேதி விசாகப்பட்டினம், காக்கிநாடா. அடுத்தது மெட்ராஸ்தான் என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. அந்த நேரம் பார்த்து, ஜப்பான் கப்பல் படை இந்தப் பக்கம் வருவதாக அரசாங்கத்துக்கும் ஒரு தகவல் வந்தது. அவசிய வேலை இல்லாதவர்கள் ஊரைவிட்டுக் கிளம்புங்கள் என்றார்கள். அரசு அலுவலகங்கள் ஃபைல்களை மூட்டை கட்டிக்கொண்டு உள்மாவட்டங்களுக்குப் போயின. வீடுகளுக்குப் பூட்டு. மிருகக்காட்சிசாலையில் சிங்கம், புலிகளைச் சுட்டே கொன்றார்கள். குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் தெருவுக்கு வந்துவிடுமே என்கிற பயம்.

கடைசியில் என்ன ஆயிற்று? ஒரு கப்பலும் வரவில்லை. தகவல் தப்பு. ஒரே ஒரு தப்பான தகவல், ஒரு நகரத்தையே காலி செய்துவிட்டது.

அதே வருடம் நவம்பர் 1-ம் தேதிதான் இந்தியத் தரைப்படையின் உளவுப் பிரிவான 'இன்டெலிஜென்ஸ் கோர்' உருவானது. ஒவ்வொரு வருடமும் அந்தத் தேதியில் தங்கள் நாளைக் கொண்டாடுகிறார்கள். உங்களுக்குத் தெரியுமா? எனக்கும் வெகுநாள் தெரியாது. ராணுவ தினம் தெரியும், கடற்படை தினம் தெரியும். உளவுக்காரர்களின் நாள் மட்டும் யார் காலண்டரிலும் கிடையாது.

இருபத்தொன்பது வருடம் தள்ளி, அதே வங்காள விரிகுடாவுக்கு வருவோம். 1971 நவம்பர். பாகிஸ்தானோடு யுத்தம் எந்த நேரமும் வெடிக்கலாம். நம்மிடம் இருந்தது ஒரே ஒரு விமானம் தாங்கிக் கப்பல், விக்ராந்த். அதற்கும் பாய்லரில் விரிசல். முழு வேகத்தில் ஓட முடியாது. அதை மூழ்கடிப்பதற்காகவே 14-ம் தேதி கராச்சியிலிருந்து கிளம்பியது 'காஸி' என்கிற நீர்மூழ்கி. அமெரிக்காவிடமிருந்து குத்தகைக்கு வாங்கியது. பாகிஸ்தானிடம் இருந்தவற்றில், இலங்கையைச் சுற்றிக்கொண்டு வங்காள விரிகுடா வரை வரக்கூடியது அது ஒன்றுதான்.

தண்ணீருக்கடியில் வருகிறவனை எப்படிக் கண்டுபிடிப்பது?

இங்கேதான் என் போன்ற பி.காம். ஆசாமிக்குப் பிடித்த இடம் வருகிறது. சிட்டகாங் துறைமுகத்துக்கு பாகிஸ்தான் கடற்படை அனுப்பிய ஒரு வயர்லெஸ் செய்தி நம்மவர்கள் காதில் விழுந்தது. குண்டு, டார்பிடோ என்று அதில் ஒரு வார்த்தை கிடையாது. ஒரு குறிப்பிட்ட ரக மசகு எண்ணெய் பற்றிய விசாரிப்பு. அவ்வளவுதான். சாதாரண ஸ்டோர்ஸ் விவகாரம். நானாக இருந்தால் குப்பையில் போட்டிருப்பேன். ஆனால் அந்த எண்ணெயை நீர்மூழ்கிகளிலும், கண்ணிவெடி அகற்றும் கப்பல்களிலும் மட்டும்தான் பயன்படுத்துவார்கள். ஆக, ஒரு நீர்மூழ்கி வருகிறது. வங்காள விரிகுடாவுக்கு வர முடிந்தது ஒன்றே ஒன்றுதான். முடிந்தது கணக்கு.

கிழக்குக் கடற்படைத் தளபதியாக இருந்தவர் வைஸ் அட்மிரல் நீலகண்ட கிருஷ்ணன். தமிழர். மனிதர் என்ன செய்தார் தெரியுமா? விக்ராந்தை அந்தமான் பக்கம் ஒளித்து வைத்துவிட்டு, அது இங்கேயே இருப்பதாக நாடகம் போட்டார். மெட்ராஸில் இருந்த கடற்படை அதிகாரியைப் போனில் பிடித்து, 'விக்ராந்த் வருகிறது, நிறுத்த இடமும் சாமான்களும் தயார் செய்யுங்கள்' என்றார். விசாகப்பட்டினம் காண்டிராக்டர்களிடம் காய்கறியும் கறியும் எக்கச்சக்கமாக ஆர்டர் போனது. கடைத்தெருவில் ஒற்றன் இருந்தால் எழுதிக்கொள்ளட்டுமே! 'ராஜ்புத்' என்கிற பழைய கப்பல் விக்ராந்த் போல வயர்லெஸ்ஸில் சளசளத்தது. எல்லாவற்றுக்கும் மேலே, விக்ராந்த் சிப்பாய் ஒருவன் ஊரில் சீக்காக இருக்கும் அம்மாவின் உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரிப்பதாக ஒரு தந்தி. அம்மா சென்டிமென்ட் யுத்தத்திலும் வேலை செய்யும் போல.

டிசம்பர் 3-ம் தேதி நள்ளிரவையொட்டி விசாகப்பட்டினம் கடலில் ஒரு பெரும் வெடிச் சத்தம். காஸி போய்விட்டது. அதிலிருந்த தொண்ணூறுக்கும் மேற்பட்டவர்களில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. ராஜ்புத் வீசிய குண்டுதான் காரணம் என்கிறது நம் தரப்பு. உள்ளேயே ஏதோ வெடித்தது, அல்லது அவர்கள் போட்ட கண்ணிவெடியிலேயே மாட்டிக்கொண்டது என்கிறது பாகிஸ்தான் தரப்பு. எது நிஜமோ, அங்கே இல்லாத ஒரு கப்பலைத் தேடி வந்த இடத்தில்தான் அது முடிந்தது. 4-ம் தேதி விக்ராந்தின் விமானங்கள் சாவகாசமாகக் கிளம்பிப் போய் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கின.

இந்தக் கதையை 2017-ல் சினிமாவாக எடுத்தார்கள். அதில் இரண்டு நீர்மூழ்கிகள் மோதிக்கொள்ளும். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு எண்ணெய்க் கணக்கு கேட்டவனை வைத்து யார் படம் எடுப்பார்கள்?

'நிறுத்து, இவர்கள் கோட்டைவிட்டதே இல்லையா?' என்று கேட்பீர்கள். நியாயம். 1987 அக்டோபரில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஹெலிகாப்டரிலிருந்து இறங்கிய நம் சிப்பாய்களுக்காகப் புலிகள் தயாராகக் காத்திருந்தார்கள். அன்றைக்கு நம் வயர்லெஸ்ஸை அவர்கள் ஒட்டுக் கேட்டிருந்தார்கள். இறங்கிய சீக்கியப் படையினர் கிட்டத்தட்ட அத்தனை பேரும் செத்துப்போனார்கள். 1999-ல் கார்கில். மலை உச்சியில் ஆள் ஏறி உட்கார்ந்த பிறகுதான் நமக்குத் தெரிந்தது. அதை விசாரித்த கமிட்டியின் தலைவர் கே.சுப்ரமணியம், நம் மெரினா கரையில் இருக்கிற மாநிலக் கல்லூரியில் படித்தவர். ஆளாளுக்குத் தனித்தனியாகத் தகவலை வைத்துக்கொண்டால் உருப்படாது என்பதுதான் அந்த விசாரணையின் பாடம். முப்படைக்கும் பொதுவான ராணுவ உளவு அமைப்பு 2002-ல் பிறந்தது அதற்குப் பிறகுதான்.

கவனித்தீர்களா? தோற்றால் கமிட்டி, அறிக்கை, பாராளுமன்றத்தில் ரகளை. ஜெயித்தால் ஒரு சத்தமும் இல்லை. காமர்ஸ் பாஷையில் சொன்னால், நடந்த நஷ்டத்துக்கு லெட்ஜரில் இடம் உண்டு. நடக்காத நஷ்டத்துக்கு எந்தப் பக்கத்திலும் இடம் கிடையாது.

1942-ல் பூட்டிய வீடுகளைப் பாட்டிகள் கடைசிவரை மறக்கவில்லை. 1971 நவம்பரில் அதே வீடுகளில் என்ன நடந்தது என்று கேட்டுப் பாருங்கள். ஒருவருக்கும் ஞாபகம் இருக்காது. காலையில் காபி குடித்துவிட்டு ஆபீஸ் போனார்கள். ஐப்பசி மழை பெய்தது. சாந்தோம் கடற்கரையில் பிள்ளைகள் விளையாடின.

அடுத்த முறை நேப்பியர் பாலம் தாண்டி பஸ் போகும்போது, போர் நினைவுச் சின்னத்தை ஒருதரம் திரும்பிப் பாருங்கள். அந்த எண்ணெய்ச் செய்தியைக் கேட்டவனுக்கும் சேர்த்து ஒரு சல்யூட் வையுங்கள். பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை. அவன் உத்தியோகமே அப்படி.