பிளாக் இருக்கா, போச்சா? பழைய காரின் என்ஜின் கேள்வி

பழைய அம்பாசிடர் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி ஒருநாள் வந்தே தீரும். சைலன்சரில் நீலப்புகை, வாரம் ஒரு லிட்டர் ஆயில், மேட்டில் ஏற மறுப்பு. மெக்கானிக் ரெண்டு வழி சொல்வார்: என்ஜினை இறக்கிப் போர் பண்ணலாம், இல்லாவிட்டால் வேறு என்ஜின் போட்டுவிடலாம். "அசல் என்ஜினை மாத்தலாமா?" என்று நமக்கு மனசு அடித்துக்கொள்ளும்.

அசல் என்றால் எது? அங்கேதான் வரலாறு வருகிறது. மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் சீரிஸ் காரை வைத்து 1950-களின் கடைசியில் வந்த அம்பாசிடரில் முதலில் இருந்தது 1476 சிசி சைடு வால்வ் என்ஜின். 1959-லேயே அது போய், பிஎம்சி பி-சீரிஸ் 1489 சிசி ஓவர்ஹெட் வால்வ் என்ஜின் வந்தது. பிறகு அதே வம்சத்து டீசல். 1990-களின் தொடக்கத்தில் ஜப்பானிய இசுசு 1817 சிசி, ஐந்து கியருடன். ஆக, கம்பெனியே பலமுறை என்ஜின் மாற்றிய கார் இது. அதில் இசுசு போடுவதைப் பாவம் என்று சொல்ல முடியாது.

ஆனால் எந்த என்ஜினும் எந்தக் காருக்கும் சேராது. இதற்கு நம்ம ஊர் உதாரணம் ஒன்று உண்டு: வண்டலூரில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி. 1985-ல் அவர்கள் கொண்டுவந்த ஸ்டாண்டர்டு 2000-க்கு உடம்பு ரோவர் எஸ்டி1. பிரிட்டனில் 1976-ல் வி8 என்ஜினோடு வந்து, அடுத்த வருடமே ஐரோப்பாவின் சிறந்த கார் விருது வாங்கிய வண்டி. இங்கே அதற்குள் வைத்தது 1991 சிசி நான்கு சிலிண்டர் என்ஜின். 1940-களின் ஸ்டாண்டர்டு வேன்கார்டு வம்சம், ஃபெர்குசன் டிராக்டரில் ஓடியதன் உறவுக்காரன்.

ரிப்பேர் கோணத்தில் பார்த்தால் அது அருமையான என்ஜின். வெட் லைனர் வகை. அதாவது பிஸ்டன் ஓடும் குழாய் தனியாக உட்கார்ந்திருக்கும், வெளியே தண்ணீர் சுற்றும். தேய்ந்தால் குழாயை உருவிவிட்டுப் புதுசு செருகலாம், பிளாக்கில் கை வைக்கவே வேண்டாம். ஆனால் அந்தப் பெரிய காருக்கு அந்த இழுவை போதவில்லை. சில வருடங்களில் உற்பத்தி நின்றது, கம்பெனியும் மூடப்பட்டது. என்ஜின் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் "ரிப்பேர் பண்ண சுலபம்" என்பதும் "இந்தக் காருக்குப் பொருத்தம்" என்பதும் வேற வேற கேள்வி, இல்லையா?

பி-சீரிஸ் கதை வேறு. அதில் சிலிண்டர் பிளாக்கோடு சேர்ந்தே இருக்கும். போர் பண்ணும் ஒவ்வொரு தடவையும் சுவர் மெலியும், அடுத்த சைஸ் பிஸ்டன் போட வேண்டும். எல்லை தாண்டினால் ஸ்லீவ் அடிக்கலாம். கிராங்க்கும் அப்படித்தான், அரைக்க அரைக்க இளைக்கும். அதனால் பழைய என்ஜினுக்குள் எத்தனை முறை வேலை நடந்திருக்கிறது என்பதை அளந்து பார்க்காமல் முடிவு எடுக்கக் கூடாது.

இன்னொரு கணக்கு, காகிதக் கணக்கு. என்ஜின் நம்பர் ஆர்.சி.யில் இருக்கிறது. ஆர்.டி.ஓ. ஒப்புதல் இல்லாமல் மாற்றினால் பின்னால் வம்பு. தவிர, 2021-ல் வந்த மத்திய விதிப்படி, 50 வயது தாண்டி, அசல் வடிவில், பெரிய மாற்றம் இல்லாமல் இருக்கும் வண்டிக்குத்தான் விண்டேஜ் பதிவு. 1960-களின் அம்பாசிடரில் இசுசு போட்டால் வண்டி நன்றாக ஓடும், அந்தத் தகுதிதான் கேள்விக்குறியாகும்.

என் கட்சி இதுதான். 1960, 70-களின் வண்டி, பிளாக்கில் விரிசல் இல்லை என்றால், செலவு கூடினாலும் இருப்பதையே கட்டுங்கள். பிளாக் போய்விட்டால் இன்னொரு பி-சீரிஸ் தேடுங்கள். தினமும் ஓட்டும் 1990-களின் வண்டிக்கு இசுசு தாராளமாகப் போடலாம், அதற்குரிய கியர்பாக்ஸ், மவுண்ட் எல்லாம் சேர்த்து. எதைச் செய்தாலும் இறக்கிய பழைய என்ஜினைக் காயலான் கடைக்கு மட்டும் அனுப்பிவிடாதீர்கள். கிரீஸ் தடவி ஒரு மூலையில் வையுங்கள். நம்பரோடு இருக்கும் அந்த பிளாக் போய்விட்டால், பிறகு யார் நினைத்தாலும் வண்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது.